டர்பனில் இரண்டு பலகைகள்

டர்பன் என்றதும் நம்ம பசங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது 2007 டி20 உலகக் கோப்பைதான். யுவராஜ் சிங் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் அடித்த கிங்ஸ்மீட் மைதானம் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே கொஞ்சம் நடந்தால் கடல் வந்துவிடும். நம்ம இந்தியப் பெருங்கடலேதான்!

அந்தக் கடற்கரைக்கு விடியற்காலையில் போக வேண்டும். அப்போதே பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சர்ஃபிங் ஆட்கள் வந்துவிடுவார்கள். கடலுக்குள் நீளமாகக் கட்டியிருக்கும் பியர்களில் நடந்து போனால், அவர்கள் அலையில் ஏறி நிற்பதைப் பக்கத்திலேயே பார்க்கலாம். காசு எதுவும் இல்லை.

ஏன் அங்கே இவ்வளவு நல்ல அலை? ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். தெற்கே வெகு தொலைவில் அடிக்கும் புயல்கள் கிளப்பிவிடும் அலைகள் டர்பன் வரை வந்து சேரும். காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அது அலையைச் சட்டென்று உடைய விடாமல் நிமிர்த்திப் பிடிக்கும். வடக்கிலிருந்து வரும் அகுல்யாஸ் வெந்நீரோட்டத்தால் தண்ணீரும் அவ்வளவாகச் சில்லிடாது. சுறாவுக்காக 1952-லேயே வலை போட்டுவிட்டார்கள். அதில் டால்பின்களும் ஆமைகளும் மாட்டிச் சாகின்றன என்பது தனிச் சோகம்.

1977-ல் உலக சாம்பியன் ஆன ஷான் டாம்சன் இந்த ஊர்க்காரர். இந்த அலைகளில் பழகியவர்.

இதுவரை சொன்னது சுற்றுலாக் கையேட்டிலும் இருக்கும். இனிதான் விஷயமே.

அதே கடற்கரையில் ஒரு காலத்தில் இன்னொரு பலகையும் இருந்தது. இந்த இடம் வெள்ளை இனத்தவருக்கு மட்டும் என்று ஆங்கிலம், ஆப்பிரிக்கான்ஸ், ஜூலு என மூன்று மொழிகளில் எழுதிய அறிவிப்புப் பலகை. 1953-ல் வந்த சட்டம் கடற்கரை, பூங்கா, பெஞ்சு எல்லாவற்றையும் இனவாரியாகப் பிரித்தது. ஊருக்கு நடுவில் இருந்த நல்ல கடற்கரைகள் வெள்ளையர்களுக்குப் போயின. மற்றவர்களுக்குத் தள்ளித் தள்ளி வேறு இடங்கள்.

1972-ல் அங்கே நடந்த சர்ஃபிங் போட்டிக்கு ஹவாயிலிருந்து எடி அய்காவ் வந்தார். பெரிய அலைகளுக்குப் பேர் போன வீரர். ஆனால் தோல் நிறத்தைப் பார்த்து அவருக்கு ஹோட்டலில் அறை தரவில்லை. ஷான் டாம்சன் குடும்பம்தான் அவரைத் தங்கள் வீட்டில் தங்க வைத்தது. உலகம் அறிந்த வீரனுக்கே இந்தக் கதி என்றால், உள்ளூர்க்காரர்களைப் பற்றிக் கேட்கவா வேண்டும்?

அந்த உள்ளூர்க்காரர்களில் தமிழர்களும் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் டர்பன் வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் அதில் இருந்தார்கள். அடுத்து 1911 வரை கப்பல் கப்பலாக வந்தார்கள். கடல் வழியாக வந்து, அந்த மண்ணில் உழைத்து, அங்கேயே பிள்ளை குட்டி பெற்றவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் அதே கடலில் கால் நனைக்க எந்த இடம் என்று பலகை வைத்துச் சொன்னார்கள்.

மக்கள் சும்மா இருக்கவில்லை. 1989-ல் தடையை மீறிக் கடற்கரைகளில் இறங்கிப் போராடினார்கள். அந்த ஆண்டு நவம்பர் 16 அன்று அதிபர் டி கிளார்க் கடற்கரைகளை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக அறிவித்தார். தேதியைக் கவனித்தீர்களா? ட்ரூரோ வந்த அதே நாள். 129 வருடம் கழித்து! 1990-ல் அந்தச் சட்டமே ஒழிந்தது.

ஆனால் பலகையைப் பிடுங்குவது ஒரு நாள் வேலை. நல்ல கடலும் நீச்சல் குளமும் மறுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை அலைமேல் நிற்கப் பழகுவது ஒரு நாளில் நடக்கிற காரியமா என்ன?

எப்போதாவது டர்பன் போனால், பாதி ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் 'பன்னி சௌ' கட்டாயம் சாப்பிடுங்கள். அங்கே வாழும் இந்தியர்கள் உண்டாக்கிய உணவு அது. அப்புறம் பியரின் கடைசி வரை நடந்து போங்கள். அலையைப் பார்த்து முடித்ததும் ஒரு நிமிடம் கரைப் பக்கம் திரும்பி, மணலில் உட்கார்ந்திருப்பவர்களையும் பாருங்கள். அங்கே எல்லா நிறத்தவரும் கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்காக மக்கள் போராட வேண்டியிருந்தது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.