நாலு மணி நேரம்னு யார் சொன்னது?

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு எவ்வளவு நேரம்? நெட்டில் தட்டினால் டக்கென்று பதில் வரும். சுமார் 3,000 கிலோ மீட்டர், நாலு மணி நேரம் சொச்சம். 'அட, நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு பஸ்ல போற நேரம்தானே!' எங்க ஊர்ப் பசங்களுக்கு முதல்ல தோணுறது இதுதான்.

ஆனா பாஸ், டிக்கெட்டைப் பார்த்தா குழம்பிடுவீங்க. சிங்கப்பூர் கடிகாரம் நம்மளைவிட இரண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது. திருச்சியில் ராத்திரி பத்துக்குக் கிளம்பினா, அங்கே இறங்கும்போது விடியற்காலை இரண்டரைனு போட மாட்டாங்க, நாலரைக்கு மேலேனு போட்டிருக்கும். திரும்பி வரும்போது அதே பத்துக்குக் கிளம்பினா, பதினொன்றரை வாக்கில் திருச்சி. ஒன்றரை மணி நேரத்தில் வங்காள விரிகுடாவைத் தாண்டிட்டோம்னு காலரைத் தூக்கிக்காதீங்க. இரண்டையும் ஒரே ஊர் நேரத்துக்கு மாத்திட்டு அப்புறம் கழிச்சுப் பாருங்க.

சரி, அந்த நாலு மணி நேரமாவது நிஜமா?

எங்க அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தப்போ, ஒருநாள் காலை ஆறு மணிக்குத் தாத்தா இறந்துட்டார். அப்பாவுக்குப் போன் பண்ணினோம். லீவு சொல்லி, டிக்கெட் தேடி, சாயங்காலம்தான் விமானம் ஏறினார். திருச்சியில் இறங்கி, இமிக்ரேஷன் க்யூவில் நின்று, கார் பிடிச்சு, தஞ்சாவூர், திருவாரூர் தாண்டி எங்க வாசலுக்கு வந்தபோது மறுநாள் ராத்திரி மணி இரண்டு. விமானம் பறந்தது நாலு மணி நேரம். அப்பா வந்து சேர்ந்தது இருபது மணி நேரம். அதுவரை தாத்தாவை எடுக்காம காத்திருந்தோம்.

அந்தத் தாத்தாவும் சிங்கப்பூர் போனவர்தான். 1960-களில் 'ரஜூலா' கப்பல் சென்னையில் கிளம்பி நாகப்பட்டினம் வந்து, பினாங்கு வழியா சிங்கப்பூர் போகும். ஒரு வாரம் பக்கம் ஆகும். ஆனா ஏறுறது நம்ம ஊர்லயே! அப்புறம் வந்த 'சிதம்பரம்' கப்பலில் 1985-ல் தீப்பிடிச்சதோடு அந்தப் பயணமே நின்னு போச்சு. வாரக் கணக்கு மணிக் கணக்காச்சு. வாசல்ல இருந்த துறைமுகம் 145 கிலோ மீட்டர் தள்ளி ஏர்போர்ட்டா மாறிடுச்சு.

அதனால ஃப்ரெண்ட்ஸ், கேம்பஸ் இன்டர்வியூவில் வெளிநாட்டு வேலை கிடைச்சா, சம்பளத்தை மட்டும் கேட்டுட்டு வராதீங்க. அவசரம்னா எத்தனை நாள் லீவு, டிக்கெட் செலவு யாரோடதுனு கேளுங்க. பாஸ்போர்ட் உங்க கையிலேயே இருக்கட்டும். திடீர் டிக்கெட்டுக்கு ஆகிற பணத்தைத் தொடாம தனியா போட்டு வைங்க.

'எவ்ளோ நேரம்டா ஆகும்?'னு அம்மா கேட்டா, ஏர்போர்ட் டு ஏர்போர்ட் சொல்லாதீங்க. வாசல் டு வாசல் சொல்லுங்க. அவங்க காத்திருக்கப் போறது அந்தக் கணக்குலதான்.