ஆறு சொற்களில் ஒரு பாடம்

ஒரு பாஷையைக் கற்பதென்றால் அதன் சொற்களைக் கற்பதே என்று நம்மில் அநேகர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். கொட்டாஞ்சேனையில் நாம் சிறுவராயிருந்த காலத்தில், நாளொன்றுக்குப் பத்து ஆங்கிலச் சொற்களை மனனஞ் செய்ய வேண்டுமென்பது தந்தையாரின் கட்டளை. துறைமுகத்திலிருந்து கப்பலின் ஊதலோசை கேட்கும். நாமோ விறாந்தையில் அகராதியும் கையுமாக அமர்ந்திருப்போம். அவ்வாறு தேடிய செல்வத்தை நம்பியே, பின்னாளில் வெள்ளவத்தையில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கவும் துணிந்தோம். எண்பது வயது மூதாட்டி ஒருவர் வந்து சோதிக்கும் வரையில் நமது குறை நமக்கே தெரியாதிருந்தது.

அம்மையார் நமது மாடிக் குடியிருப்பில் அடுத்த வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்தவர். மாதந்தோறும் பணம் அனுப்பித் தாயாரைத் தாங்கிவந்த ஒரே மகன் கனடாவில் காலமாகி அப்பொழுது ஓராண்டு நிறைந்திருந்தது. பேரன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் ஓரளவு பேசுவான், எழுத அறியான். ஒருநாள் அந்தி நேரத்தில், அவனிடமிருந்து வந்த வாழ்த்து அட்டையை எடுத்துக்கொண்டு அம்மையார் நம் வீட்டுக்கு வந்தார்.

“மாஸ்டர், பேரன் என்னவோ எழுதியிருக்கிறான். ஒருக்கால் வாசிச்சுச் சொல்லுங்கோ.”

வாழ்த்துக்குக் கீழே தன் கைப்பட ஒரு வரி எழுதியிருந்தான்: ‘ஐ வில் நெவர் லெட் யூ டவுன்.’ ஆறே சொற்கள். ஆறும் நாம் கொட்டாஞ்சேனையிலே மனனஞ் செய்தவை. ஆதலால் சற்றும் தயங்காமல், “நான் உன்னை ஒருபோதும் கீழே விடமாட்டேன்” என்று மொழிபெயர்த்தோம்.

அம்மையார் சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு, “கீழை விடுகிறதுக்கு நான் என்ன குடமோ மாஸ்டர்? அதுவும் ‘உன்னை’ எண்டோ எழுதியிருக்கிறான்?” என்று கேட்டார். தேநீரைத் தொடாமலே அட்டையை மடித்துக்கொண்டு எழுந்து போனார். அவர் முகம் வாடியதைக் கண்ட பின்னர் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அந்த ஆறு சொற்களையும் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்தோம்.

முதலில் ‘ஐ’. தமிழில் ‘வந்தேன்’ என்றால் வந்தவர் யார் என்பது விளங்கிவிடும். வந்தாய், வந்தாள், வந்தார்கள் என விகுதியே ஆளைக் காட்டிக் கொடுக்கும். ஆங்கிலத்திலோ யார் வந்தாலும் ‘கேம்’ ஒன்றுதான். ஆகவே அங்கே பிரதிபெயர் முன்னே நின்றே ஆகவேண்டும். நம் மாணவர்கள் ‘நான்’ என்பதைத் தமிழிலே விட்டுப் பழகிய பழக்கத்தால் ஆங்கிலத்திலும் விட்டுவிட்டுத் தவிப்பதன் காரணம் இதுவே.

அடுத்து ‘நெவர்’ என்னும் வினையடை. இதற்கென்று ஓர் ஆசனம் உண்டு. ‘வில்’ போன்ற துணைவினை இருந்தால் அதற்கும் பிரதான வினைக்கும் நடுவே அமரும். துணைவினை இல்லையேல் வினைக்கு முன்னே அமரும். ‘ஆல்வேஸ்’, ‘ஒஃபன்’ என்பனவும் பெரும்பாலும் இவ்விதமே. ஆனால் ‘இஸ்’ வந்தால் அதன் பின்னே போய்விடும்: ‘ஷீ இஸ் ஆல்வேஸ் லேட்.’ இன்னொன்று: தமிழில் ‘ஒருபோதும்’ என்றால் ‘மாட்டேன்’ என்பதும் கூடவே வரவேண்டும். ஆங்கிலத்தில் ‘நெவர்’ தானே எதிர்மறையையும் சுமக்கும். ‘வில் நொட் நெவர்’ என்று எழுதும் பிள்ளை தமிழ் இலக்கணத்துக்கு உண்மையாயிருந்து ஆங்கிலத்தில் புள்ளியை இழக்கின்றது.

நாம் இடறி விழுந்த இடம் ‘லெட் டவுன்’. இவை இரண்டு சொற்களல்ல, ஒரு முடிச்சு. ‘லெட்’ என்பதன் பொருளையும் ‘டவுன்’ என்பதன் பொருளையும் கூட்டினால் கிடைப்பது குடத்தைக் கீழே விடும் கதைதான். இரண்டும் சேர்ந்தால், நம்பினவரை ஏமாற்றிக் கைவிடுதல் என்று பொருள். இது நமக்குப் புதுமையா? ‘கைவிட்டான்’ என்றால் எந்தக் கையை என்று நாம் கேட்பதுண்டா? ‘கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள்’ என்றால், தள்ளியது யார், போட்டது எங்கே என்று தேடுவதுண்டா? அதையே ஆங்கிலேயர் ‘புட் ஒஃப்’ என்பர். ‘வெடிங்’ என்னும் பெயர்ச்சொல்லை அந்த முடிச்சின் நடுவிலும் வைக்கலாம், பின்னும் வைக்கலாம். ஆனால் ‘இட்’, ‘யூ’ போன்ற பிரதிபெயர் வந்தால் நடுவிலேதான் இருத்தவேண்டும்: ‘புட் இட் ஒஃப்’, ‘லெட் யூ டவுன்’. ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ என்பதில் மட்டும் பிரதிபெயர் கடைசியில் நிற்பானேன் என்று மாணவர் கேட்கலாம். அங்கே ‘ஆஃப்டர்’ வினையடையன்று. தனக்குப் பின்னே ஒரு பெயரை வேண்டி நிற்கும் முன்னிடைச்சொல்.

எஞ்சியது ‘யூ’. அம்மையாரின் மனத்தைத் தைத்த முள் இதுவே. யாழ்ப்பாணத்தில் நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் உண்டு, ஆங்கிலத்தில் ஒன்றே. ஆனால் ஆங்கிலேயரும் ஒருகாலத்தில் ‘தௌ’ என்று ஒருவரை ஒருமையிலே அழைத்தவர்களே. ‘யூ’ அன்று பன்மைக்குரியது. பின் பெரியோரை மரியாதையாக அழைக்கவும் வழங்கிற்று. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இரண்டையும் காணலாம். நாளடைவில் ‘தௌ’ பொதுவழக்கிலிருந்து மறைந்துபோக, ‘யூ’ மாத்திரம் நிலைத்தது. அதாவது ஆங்கிலேயர் இழந்தது ‘நீ’யை; வைத்துக்கொண்டது ‘நீங்க’ளை!

பொழுது விடிந்ததும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினோம். “அம்மா, பிழை பேரனுடையதன்று, எம்முடையது. ‘அப்பம்மா, உங்களை ஒருபோதும் கைவிடமாட்டேன்’ என்றுதான் எழுதியிருக்கிறான்” என்று கூறி, ‘யூ’வின் கதையையும் விளக்கினோம்.

அம்மையார் அட்டையை மறுபடி விரித்து, தமக்கு விளங்காத அந்த எழுத்துக்களை விரலால் தடவினார். “தேப்பன் சொல்லுற சொல்லு இது” என்றார். மேலே பேச முடியவில்லை.

மாணவச் செல்வங்களே, நாளுக்குப் பத்துச் சொல் என்று எம் தந்தையார் விதித்ததை நாம் குறைகூறவில்லை. ஆயினும் இப்பொழுது நம்மிடம் வரும் பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு வாக்கியம் என்றே விதிக்கிறோம். தனித்து நிற்கும் சொல் வீட்டை விட்டுப் பிரிந்த மனிதனைப் போன்றது. உறவுகளின் நடுவே வைத்துப் பார்த்தாலன்றி அதன் குணம் விளங்காது.

அம்மையார் பேரனுக்கு ஆங்கிலத்திலேயே பதில் எழுத விரும்பினார். என்ன எழுதவேண்டும் என்று கேட்டோம்.

“சாப்பிட்டனியோ எண்டு கேக்கவேணும்.”

தமிழிலே ஒரு சொல், ஆங்கிலத்திலே மூன்று. ‘ஹாவ் யூ ஈட்டன்?’ என்று நாம் எழுதிக் காட்டியதைப் பார்த்து, நடுங்கும் கையால் ஒவ்வோர் எழுத்தாக எழுதி முடித்தார்.