தாலினைப் பிரிக்காதே

மதுரை
ஞாயிறு

அன்புள்ள கயல்,

உன் ஆய்வுச் சுருக்கத்தைப் படித்தேன். ஐரோப்பிய ஒருங்கிணைப்புக்கு ஓர் அத்தியாயம், சைபர் மோதலுக்கு இன்னொன்று என்று பங்கு பிரித்திருக்கிறாய். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் உன் ஆய்வே இருக்கிறது.

2007 ஏப்ரலை எடுத்துக்கொள். தாலின் நகர நடுவில் நின்ற சோவியத் வீரன் சிலையை எஸ்தோனிய அரசு ராணுவ மயானத்துக்கு மாற்றியது. தெருவில் கலவரம். கூடவே அரசுத் தளங்கள், வங்கிகள், பத்திரிகைகள் எல்லாவற்றின் மேலும் போலிக் கோரிக்கைகள் வந்து குவிந்தன; அலையலையாக மூன்று வாரம் நீடித்தது. 'போஸ்டிமேஸ்' நாளிதழ் என்ன செய்தது தெரியுமா? வெளிநாட்டிலிருந்து வரும் தொடர்பையே மறித்துவிட்டது. உள்ளூர்க்காரர்கள் செய்தி படிக்கலாம், வெளியுலகம் படிக்க முடியாது. 2004-இல்தான் நேட்டோவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர்ந்த நாடு அது. பிழைப்பதற்கு முதலில் வாசலைச் சாத்த வேண்டியிருந்தது!

ஐரோப்பிய நிலக்கரி, எஃகுக் கூட்டமைப்பை வைத்து 1958-இல் எர்ன்ஸ்ட் ஹாஸ் எழுதியது நினைவிருக்கும்: ஒரு துறையில் சேர்ந்துவிட்டால் அடுத்த துறையிலும் சேர வேண்டிய நெருக்கடி தானே வரும். நாட்டின் உயிர்நாடியான விஷயங்களில் அரசுகள் பிடியைத் தளர்த்தமாட்டா என்று 1966-இல் ஸ்டான்லி ஹாஃப்மன் மறுத்தார். இதில் ஒருவரை ஜெயிக்க வைக்கப் பார்க்காதே. 2008-இல் தாலினிலேயே நேட்டோ சார்ந்த சைபர் பாதுகாப்பு மையம் வந்தது. 2016-இல் மின்சாரம், வங்கி, மருத்துவமனை வரை தொடும் பொதுச் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் இயற்றியது. இதுவரை ஹாஸ் கட்சி. ஆனால் 'செய்தது இன்னார்' என்று பெயர் சொல்வது? அது இன்றும் அந்தந்த உறுப்பு நாட்டின் தனி உரிமை. 2020 ஜூலையில் சைபர் தாக்குதலுக்காக ஒன்றியம் முதன்முதலாகத் தடை விதித்தபோதும், எல்லா உறுப்பு நாடுகளும் ஒருமனதாக ஒப்ப வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால் உன் முழு ஆய்வும் இந்த ஒரு கேள்விதான்: பாதுகாப்பைப் பொதுவில் வைத்தவர்கள், குற்றம் சாட்டும் அதிகாரத்தை மட்டும் ஏன் மடியிலேயே முடிந்துவைத்திருக்கிறார்கள்?

2007 தாக்குதலில் தனக்குப் பங்கில்லை என்று மாஸ்கோ மறுத்தது. அடுத்த ஆண்டு நீதிமன்றத்தில் அபராதம் கட்டியவன் எஸ்தோனியாவிலேயே இருந்த ஒரு மாணவன். இதை அடிக்குறிப்பில் தள்ளாதே, உள்ளே எழுது.

'சைபர் போர்' என்று தலைப்பு வைக்காதே. அப்படி ஒரு போர் நடக்கவே நடக்காது என்று புத்தகமே போட்டவர் தாமஸ் ரிட். அவருக்குப் பதில் சொல்வதிலேயே உனக்கு ஒரு வருஷம் ஓடிவிடும். அதைவிட வலேரியானோ, மேனஸ் இருவரின் 2015 புத்தகத்தைப் பார். சைபர் உரசல்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பகையாளிகளுக்குள்தான் என்று தரவு வைத்துக் காட்டுகிறார்கள். வட்டாரம் என்ற உன் பிடிமானம் அங்கேதான் கிடைக்கும்.

நெறியாளரிடம் கொடுக்குமுன் திருத்தியதை எனக்கு அனுப்பு. ஹாஸ் புத்தகம் உங்கள் நூலகத்தில் இல்லையென்றால் சொல், என் பிரதியைக் கூரியரில் போடுகிறேன். அண்ணனையும் அண்ணியையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அத்தை