பாலர் பள்ளியில் நாம் கற்ற பாடம்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஒரு தெருவிலே, தேவாலயம் ஒன்றின் வளவுக்குள், ஓட்டுக் கூரையும் அரைச் சுவரும் கொண்ட ஒரு பாலர் பாடசாலை இருக்கிறது. முற்றத்தில் ஒரு வேம்பும் ஒரு பூவரசும் நிற்கின்றன. வேலியின் இடைவெளியால் பட்டினத்துப் புள்ளிமான்கள் சில வேளைகளில் உள்ளே நுழைந்து, பிள்ளைகள் உலரவைத்த கடதாசிச் சித்திரங்களைத் தின்றுவிட்டுப் போவதுமுண்டு. நமது நான்கு வயது மகள் அங்கேதான் செல்கிறாள். அந்தப் பள்ளியின் விடயத்தில் நாம் செய்த ஒரு தவற்றையும், அதன் வாயிலாக நாம் கற்றதையும் இங்கே எழுத விரும்புகிறோம். ஆசிரியர்களும் மாணவர்களுமே இவ்வேட்டைப் பெரும்பாலும் படிப்பவர்களாதலால், அது வீண்போகாதென்பது நமது நம்பிக்கை.

நாம் பல்கலைக்கழகத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று, இப்போது இடைநிலைப் பாடசாலையொன்றில் க.பொ.த. சாதாரண தர வகுப்புகளுக்குத் தமிழ் கற்பித்து வருகிறோம். விசயதசமியன்று மகளின் விரலைப் பற்றி அரிசியிலே அகரம் எழுதுவித்து ஏடு தொடக்கினோம். அதன்பின் அவளைப் பாலர் பள்ளியிற் சேர்த்தோம். மாதங்கள் பல கழிந்தன. வேறொரு பாலர் பள்ளிக்குச் செல்லும் அயல்வீட்டுப் பிள்ளை உயிரெழுத்துப் பன்னிரண்டையும் எழுதியதோடு, ஆங்கில நெடுங்கணக்கையும் ஒப்புவித்தது. நமது மகளோ சட்டை முழுவதும் மண்ணோடு வீடு திரும்பினாள். "இன்றைக்கு என்ன படித்தாய்?" என்று கேட்டால், "மீன் விற்றேன், அப்பா" என்றாள். தமிழாசிரியரின் பிள்ளைக்கு 'அ' எழுத வராது என்று ஊரார் சொல்வார்களே என்ற எண்ணம் நம்மை அரித்தது. பிள்ளையைப் பற்றிய கவலை என்று அதற்கு நாமே பெயர் சூட்டிக்கொண்டோம்.

தவணை முடிவிலே பெற்றோர் கூட்டம் கூடிற்று. கொப்பியும் பென்சிலும் வேண்டும், நாளுக்கொரு பக்கம் எழுதுவிக்க வேண்டும், வீட்டுப்பாடம் தரவேண்டும் என்று பலரும் கேட்டனர். "இப்பவே தொடங்காட்டி ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலை எப்படிப் பிள்ளை பாஸ் பண்ணுறது?" என்றார் ஒரு தகப்பனார். கூட்டத்திலே பட்டம் பெற்றவர் நாம் ஒருவரே. "சேர், எங்களுக்காக நீங்கள் கதையுங்கோ" என்றனர். நாமும் எழுந்தோம். எழுத்தறிவே ஏழையின் ஆயுதம் என்றும், ஆடுவதற்குத் தெரு இருக்கிறது, எழுதுவதற்குத்தான் பள்ளிக்கூடம் வேண்டும் என்றும் முழங்கினோம். பலத்த கரகோஷம் எழுந்தது.

ரீச்சர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை அந்த மணற்குழியோரமே கழித்தவர். நாம் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "எழுத்து முக்கியம் எண்டு சேர் சொன்னது சரி. ஒரு நாள் காலமை வந்து, ஒண்டும் கதையாமல் இருந்து பாருங்கோ. பிறகு நீங்கள் சொல்லுற மாதிரிச் செய்யிறன்" என்றார்.

ஒரு நாள் விடுப்பெடுத்துக்கொண்டு சென்று, அரைச் சுவரோரம் கிடந்த வாங்கொன்றில் அமர்ந்தோம்.

மணற்குழியைச் சுற்றி மீன்சந்தை கூடியது. அகன்ற பூவரசம் இலை பாரையாயிற்று, சிறியது சூடை, வேப்பிலை நெத்தலி. வேப்பங்கொட்டையே காசு. ஒரு தடியின் இரு நுனியிலும் நூலாற் கட்டிய சிரட்டைகள் தராசு. கூறு ஒன்றுக்கு ஐந்து மீன் என்று கூவிய ஒரு சிறுவன் நான்கை வைத்துவிட்டுப் பேசாதிருந்தான். வாங்க வந்தவள் எண்ணிப் பார்த்து, "ஒண்டு குறையுது" என்று சண்டைக்கு நின்றாள். ரீச்சர் தீர்ப்புச் சொல்லவில்லை. "ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணுங்கோ" என்றார். எண்ணினார்கள், ஐந்தாவது மீன் வந்து சேர்ந்தது. பிறகு ஒரு சிரட்டையில் உலர்ந்த மணலையும், மற்றதில் நீர் சொட்டச் சொட்ட நனைந்த மணலையும் நிரப்பித் தராசைத் தூக்கிக் காட்டினார். "ரெண்டும் நிரம்பித்தானே இருக்கு, ஏன் ஒண்டு கீழே போகுது?" என்று கேட்டார். நெடுநேர யோசனைக்குப் பின் ஒரு பிள்ளை, "அது தண்ணி குடிச்சிருக்கு, ரீச்சர்" என்றது.

நமது மகள் கடதாசித் துண்டுகளிலே ஏதோ கிறுக்கி, வாங்குவோரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றை வாங்கிப் பார்த்து, இது என்ன என்று கேட்டோம். "பில். அஞ்சு மீன் எண்டு எழுதியிருக்கு" என்றாள். அத்துண்டிலே ஐந்து கோடுகள் இருந்தன.

கரையோரக் குடிசையொன்றிலிருந்து வரும் ஒரு சிறுவனும் அங்கிருந்தான். தகப்பனார் பிறர் வள்ளத்திலே கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். சேர்ந்த நாள் முதலாக அவன் வகுப்பில் வாய் திறந்ததில்லை என்றும், படங்காட்டிப் பெயர் கேட்டால் தலை குனிந்துகொள்வான் என்றும் ரீச்சர் சொல்லியிருந்தார். அன்று மற்றப் பிள்ளைகள் அவனை ஏலம் கூறுபவனாக நிறுத்தினர். சிறிது நேரம் இலைகளையே பார்த்து நின்றவன், திடீரெனச் "சூடை, கீரி, பாரை, கும்புளா, திருக்கை" என்று தகப்பனாரின் குரலிலே கூவத் தொடங்கினான். நாம் பெயரே அறியாத மீன்களும் அவற்றுள் இருந்தன. பட்டதாரியின் மகள் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரீச்சர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வாங்கிலிருந்தபடியே நமது மேடைப் பேச்சை நினைத்துப் பார்த்தோம். கொப்பியை நீட்டி 'அ' எழுது என்றிருந்தால், அவ்வகுப்பிலே இச்சிறுவனே கடைசிப் பிள்ளை. வீட்டிலே புத்தக அலுமாரியும், மாலையிற் கைபிடித்து எழுதுவிக்கத் தகப்பனும் உள்ள நமது மகள் முதற் பிள்ளையாகியிருப்பாள். ஏழையின் ஆயுதம் என்று நாம் முழங்கியது, அந்த ஏழைச் சிறுவனுக்கு எதிராகவே நீட்டப்பட்டிருந்தது.

பலகலை கற்ற நமக்கு இவ்வுண்மை புதிதாயிருந்திருக்கலாகாது. 1816இல் பிரித்தானியச் சமதர்ம முன்னோடி ரொபேட் ஓவன், ஸ்கொத்லாந்தின் நியூ லனார்க்கிலே தம் பஞ்சாலைத் தொழிலாளரின் குழந்தைகளுக்கெனப் பள்ளி திறந்தார். புத்தகங்களால் சிறுவரை வருத்தலாகாதென்பது அதன் விதி. அவர் அமர்த்திய ஆசிரியரோ ஒரு நெசவாளியும், பதினேழு வயதுடைய ஓர் ஆலைப் பெண்ணும். 1837இல் ஜெர்மனியில் பாலர் பள்ளியைத் தொடங்கி, பின் அதற்குச் 'சிறுவர் தோட்டம்' எனப் பொருள்படும் பெயரிட்டவர் புரோபெல். 1851இலே பிரஷ்ய அரசு, நாத்திகமும் சமதர்மமும் பரப்புகின்றன என்று குற்றஞ்சாட்டி அத்தோட்டங்களைத் தடைசெய்தது. அத்தடை 1860இலேதான் நீங்கியது. அன்று நாத்திகமெனப் பழிக்கப்பட்ட அதே முறையை இன்று தேவாலய வளவிலே ஓர் ஏழை ஆசிரியை காப்பாற்றி வருகிறார். 1907இல் மரியா மொண்டிசோரி தமது முதற் பள்ளியைத் திறந்ததும் ரோமாபுரியின் தொழிலாளர் குடியிருப்பிலேதான். இன்று நமது பட்டினங்களிலே அவர் பெயரைப் பலகையில் எழுதிவைத்துப் பெருங் கட்டணம் வாங்குகின்றனர். உழைப்பாளர் குழந்தைக்கென்று பிறந்த விளையாட்டுக் கல்வி வசதி படைத்தோரின் வீடு புக, உழைப்பாளர் குழந்தைக்கு எஞ்சியது கொப்பியும் பிரம்பும்.

சோவியத் உளவியலறிஞர் வைகோட்ஸ்கி 1933இல் லெனின்கிராட்டிலே குழந்தையின் விளையாட்டைப் பற்றி ஒரு விரிவுரை நிகழ்த்தினார். தடியைக் குதிரையாக்கி ஓடும் குழந்தை, பொருளிலிருந்து கருத்தைப் பிரித்தெடுக்கப் பழகுகிறது என்பது அவர் விளக்கம். சிறிது சிந்தித்தால் எழுத்தின் இயல்பும் அதுவேயன்றோ? இலை மீனுக்கு நிற்பதுபோலவே வரிவடிவம் ஒலிக்கு நிற்கிறது. ஐந்து கோட்டை ஐந்து மீனாக்கிய நமது மகள் எழுத்தின் வாசலுக்கு வந்துவிட்டாள். அதைக் காணும் கண் நமக்கு இருக்கவில்லை. தமிழ் மரபும் இதனை அறியாததன்று. சிற்றில் சிதைத்தலையும் சிறுபறை முழக்கலையும் சிறுதேர் உருட்டலையும் தனித்தனிப் பருவங்களாக வகுத்துப் பிள்ளைத்தமிழ் பாடிய மரபு நம்முடையது. அவற்றை மேல்வகுப்பு மாணவருக்கு மனனம் செய்விக்கிறோம். வீட்டுக் குழந்தை சிற்றில் இழைத்தால் கையைக் கழுவச் சொல்கிறோம்.

விளைவு யாது? "நீங்கள் கண்ட துறைமுகத்தைப் பற்றி எழுதுங்கள்" என்று நமது வகுப்பிலே ஒருமுறை சொன்னோம். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று எனத் தொடங்கும் ஒரே வாக்கியம் கொப்பிக்குக் கொப்பி வந்தது. நாள்தோறும் சைக்கிளில் அத்துறைமுகத்தைக் கடந்து வருபவர்கள் அவர்கள். சீனன்குடாவுக்குக் கோதுமைக் கப்பல் வருவதையும், மூதூருக்குப் படகேறுவோரையும், வெறுங்கையோடு திரும்பும் வள்ளங்களையும் கண்ணாற் கண்டவர்கள். கண்டதை எழுதலாம் என்பதை மட்டும் அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

நமது இளமையும் நினைவுக்கு வந்தது. 1990களிலே நாம் ஆடியது சோதனைச்சாவடி விளையாட்டு. ஒருவன் தடியைத் தோளிற் சாத்தி நிற்பான். மற்றவர் பூவரசம் இலையை அடையாள அட்டையாக நீட்டிக் கடக்கவேண்டும். இலை கிழிந்திருந்தால் முழங்காலில் இருத்துவான். பெரியோர் அதட்டினார்களேயன்றி, எங்களுக்குள் இருந்த அச்சத்தை அறிந்தாரில்லை. அக்காலத்தே, 1996இல், மட்டக்களப்பிலே யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்காவைத் தொடங்கி, போரினால் மனம் புண்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவரைக் களிமண்ணோடும் கதையோடும் ஒருங்கே விளையாட வைத்தனர். விளையாட்டு வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்கு நமது மாகாணத்திலேயே சான்று இருந்தது. இப்பாலர் பள்ளியிலும் இந்துப் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும், துறைமுக ஊழியர் ஒருவரின் சிங்களப் பிள்ளையும் ஒரே மணலில் அளைகின்றனர். மீனுக்கு 'மாளு' என்பதை நமது மகள் அங்கேதான் கற்றாள். ஐந்து வயதானதும் மொழிவாரியாக வெவ்வேறு பாடசாலைகள் அவர்களைப் பிரித்துவிடும்.

அடுத்த கூட்டத்திலே எழுந்து, முன்பு பேசியது தவறென்றோம். கண்டதையெல்லாம் சொன்னோம். இம்முறை கரகோஷம் இல்லை. "சேர் வீட்டிலே சொல்லிக் குடுப்பார், நாங்கள் எங்கே போறது?" என்றார் ஒரு தாய். அக்கேள்விக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. அதில் நியாயமும் இருந்தது. நமது முதற் பேச்சைக் கேட்டே சிலர் ஏற்கெனவே பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றியிருந்தனர். பிள்ளைகளின் கட்டணத்திலிருந்தே ரீச்சரின் வேதனமும் வருவதால், அது குறைந்தது. எஞ்சியோரையும் இழக்காதிருக்க, இப்போது நாள்தோறும் அரைமணி நேரம் கொப்பியில் எழுதுவிக்கிறார். அந்த அரைமணி நேரமும் மீன் கூவிய சிறுவன் பழையபடி தலை குனிந்திருக்கிறானாம். அதற்கு நாமே பொறுப்பு.

ஆயினும் தனிமனிதரின் மனவருத்தத்தோடு இது முடியலாகாது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இந்நாட்டிலே கல்வி இலவசமாயிற்று. அந்த இலவசம் முதலாம் வகுப்பிலேதான் தொடங்குகிறது. அதற்கு முந்திய ஆண்டுகள் பெற்றோரின் மடிசீலையையும், தேவாலயங்களின் தருமத்தையும், சொற்ப வேதனத்துக்கு உழைக்கும் பெண்களின் பொறுமையையும் நம்பியிருக்கின்றன. 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது முற்போக்காளர் வரவேற்றனர், அது சரியே. ஆனால் அரசு ஏற்காது விட்ட இந்த மணற்குழியை நாமும் மறந்துவிட்டோம். 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தின் பின் முன்பள்ளி மாகாண சபைகளின் பொறுப்பிலுள்ளது. முன்பள்ளி ஆசிரியைக்கு முறையான பயிற்சியும், நிரந்தர நியமனமும், ஓய்வூதியமும் வேண்டுமென்று கேட்க வேண்டியவர்கள், அவற்றையெல்லாம் பெற்றிருக்கும் நாமே.

இப்போது சனிக்கிழமைகளில் அப்பள்ளிப் பெற்றோரின் வீடுகளுக்குச் சென்று வருகிறோம். சொற்பொழிவு செய்வதில்லை. "உங்கள் பிள்ளை நேற்று என்ன விளையாடினது?" என்று கேட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். சென்ற வாரம் அச்சிறுவனின் வீட்டுக்குப் போயிருந்தோம். தகப்பனார் வலை பொத்திக்கொண்டிருந்தார். மகன் பள்ளியில் மீன் ஏலம் கூறியதைச் சொன்னோம். அவர் நம்பவில்லை, மகனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் நம்மைப் பார்த்தான், வலையைப் பார்த்தான், பிறகு மெல்லிய குரலிலே "சூடை" என்று தொடங்கினான்.