படத்துக்குள் வந்த தாய்



“அம்மாவுக்கு இனி ஒன்றும் தெரியாது, ஐயா” என்று பிள்ளைகள் சொல்லுவதை வீடு சந்திப்புகளில் அடிக்கடி கேட்கிறேன். அப்போதெல்லாம் கனடா நாட்டு ஓவியர் டோனி லூசியானி என் நினைவுக்கு வருகிறார்.

மறதிநோயுற்ற தம் 91 வயதுத் தாயை அவர் தம் வீட்டில் வைத்துப் பராமரித்தார். புதிய கேமராவை அவர் சோதித்துப் பார்க்கையில், தாய் குறும்பாகப் படத்துக்குள் நுழைந்தார். பின்னர் இருவரும் சேர்ந்தே காட்சிகளைத் திட்டமிட்டுப் படங்களை உருவாக்கினர். பராமரிக்கப்பட்டவர் உடன்படைப்பாளியானார்.

அப்படங்கள் நோயைக் குணமாக்கவில்லை. ஆயினும், நினைவு குன்றிய பின்பும் கற்பனை எஞ்சியிருந்ததை அவை காட்டின. தேவசாயல் ஞாபகசக்தியில் மாத்திரம் குடியிருப்பதன்று.

ஆகவே, “நான் யாரென்று தெரிகிறதா?” என்று உங்கள் வீட்டுப் பெரியவரைச் சோதியாதிருங்கள். “இதை எப்படிச் செய்யலாம், அம்மா?” என்று கேளுங்கள்.