உள்ளே ஆள் இருக்கு!

ஜனவரி மாத அடிலெய்டு, நம்மூர் கத்திரி வெயிலுக்குச் சித்தப்பா பையன். 40 டிகிரியைத் தொடும் நாட்களும் உண்டு. பக்கத்திலேயே மவுண்ட் லாஃப்டி. 727 மீட்டர்தான், ஏற்காட்டில் பாதிகூட இல்லை! புல்லெல்லாம் வைக்கோல் கலர். இதே மலையில் ஆகஸ்டில் நடந்தால், காலடியில் ஆர்க்கிட் பூக்கள்.

கல்யாண ரிசப்ஷன் மேடையில் ஊதா கலரில் தொங்குமே, அது இல்லை. இது மண்ணுக்குள் கிழங்கு விட்டு முளைக்கிற குட்டி ஜாதி. கிழங்கென்றதும் சேனையை நினைக்காதீர்கள். பட்டாணி சைஸ்! ஜோடி ஜோடியாக இருந்த இந்த மாதிரிக் கிழங்குகளைப் பார்த்து கிரேக்கர்கள் வைத்த பெயர்தான் ஆர்க்கிட். அர்த்தத்தை உங்கள் டாக்டரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளவும்.

நண்பன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு வயது 76. நிழல்வலைக் கொட்டகையில் வரிசையாகத் தொட்டிகள். எல்லாவற்றிலும் வெறும் மண்.

"என்னடா, காலித் தொட்டிக்கெல்லாம் பேர் எழுதி வச்சிருக்காரு?"

"மெல்லப் பேசுடா, தூங்குது!"

நிஜம்தான். கோடை முழுக்கக் கிழங்குக்குத் தூக்கம். மார்ச், ஏப்ரலில் குளிர ஆரம்பித்ததும் தரையோடு ஒட்டி இலை விடும். குளிர்காலத்தில் பூ. கிரீன்ஹுட் என்றொரு வகை, விரல் நீளத்தில் பச்சை முக்காடு போட்டு நிற்கும். 'பொண்ணு வாசனை' என்று ஏமாந்து வரும் ஆண் கொசு போன்ற பூச்சி உதட்டில் உட்கார்ந்தால், உதடு சட்டென்று மடங்கி ஆளை உள்ளே தள்ளிவிடும். முதுகில் மகரந்தத்தைச் சுமந்தபடி இடுக்கு வழியே தப்பிக்க வேண்டும். (பஸ் ஸ்டாண்ட் ரோமியோக்கள் கவனிக்க!)

பூ முடிந்தால் பழைய கிழங்கு செத்து, புதுக் கிழங்கு உண்டாகும். கிரீன்ஹுட்டில் பல வகைகள் ஒன்றுக்கு இரண்டு, மூன்றாகப் பெருகும். ஜனவரியில் தொட்டியைக் கவிழ்த்து, சல்லடையில் சலித்து, எண்ணி, மணலும் இலைமக்கும் கலந்து மறுபடி புதைக்கிறார். மேலே சவுக்கு ஊசி பரப்புகிறார். ஆமாம், நம் கடற்கரைச் சவுக்குக்குச் சொந்தக்கார மரம்தான்.

ஸ்பைடர் ஆர்க்கிட்தான் கஷ்டம். பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்றுதான். மண்ணில் அதற்கென்று ஒரு பூஞ்சணம் துணைக்கு இல்லாவிட்டால் அதுவும் போச்சு. அந்தத் தொட்டியைப் பெரியவர் கடைசியாகக் கவிழ்த்தார். போன வருஷம் 3. இரண்டு முறை சலித்தார். 2 தான்.

ஒன்றும் பேசாமல் புதைத்தார். இவை வளர்ந்த புதர்க்காடெல்லாம் திராட்சைத் தோட்டமாகவும் வீடாகவும் ஆகிவிட்டது. மிச்சக் காட்டில் தோண்டச் சட்டம் விடாது. அதனால் பெருகுவதில் பாதியை வருஷா வருஷம் பிறருக்குக் கொடுத்துவிடுகிறார். "என் தொட்டி அழுகிப் போனா, வேற யார்கிட்டயாவது இருக்கணுமே?"

நண்பனுக்கும் 5 கிரீன்ஹுட் கிழங்கு கிடைத்தது. அவன் வீட்டிலோ திருச்சியிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். எந்தத் தொட்டியைப் பார்த்தாலும் ஒரு வாளித் தண்ணீர்! தூங்கும் கிழங்குக்கு அதுவே எமன். பயல் உடனே தமிழில் ஒரு அட்டை எழுதிக் குத்தி வைத்தான்:

'அத்தை, தண்ணி ஊத்தாதீங்க. உள்ளே ஆள் இருக்கு.'