வெள்ளரி இலையின் அடிப்பக்கம்

மொட்டை மாடியில் வெள்ளரி போடுகிறவர்களின் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒரு வாரத்தில் முளை வரும். ஒரு மாதத்தில் கொடி பந்தலேறி மஞ்சள் மஞ்சளாகப் பூக்கும். வீட்டில் ஆளுக்கொரு தடவை மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். பிஞ்சு விடும் நேரம் பார்த்து ஓர் இலை மஞ்சளாகும். மறுநாள் நாலு இலை. உடனே ஒன்றைக் கிள்ளிக்கொண்டு உரக்கடைக்கு ஓட்டம். "எல்லாத்துக்கும் கேக்கும்" என்று ஒரு பாட்டில் கிடைக்கும்.

தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அப்படி எல்லாவற்றுக்கும் கேட்கிற மருந்து வெள்ளரிக்குக் கிடையாது. அதுவும் தோலோடு பச்சையாகக் கடித்துத் தின்கிற காய் இது.

இலையின் மேல் யாரோ கோலமாவைத் தூவியது போல இருந்தால் அது சாம்பல் நோய். இந்தப் பூஞ்சை பரவ இலை நனைய வேண்டும் என்றுகூட இல்லை. நெருக்கமும் நிழலும் போதும். இதற்குப் பாலே மருந்து! பிரேசிலின் வாக்னர் பெட்டியோல் வெள்ளரிக்கு உறவான சுக்கினியில் பாலைத் தெளித்துப் பார்த்து 1999-இல் முடிவை வெளியிட்டார். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வாரம் ஒரு முறை தெளித்தாலே நோய் நன்றாகக் கட்டுப்பட்டது.

நரம்புகளுக்கு நடுவே கட்டம் கட்டமாக மஞ்சள் இருந்தால் இலையைத் திருப்ப வேண்டும். அடியில் காலை ஈரத்தில் சாம்பலும் ஊதாவுமாகப் பூச்சு தெரிந்தால் அது அடிச்சாம்பல் நோய். பெயர்தான் ஒன்று போல இருக்கிறது. இதை உண்டாக்கும் கிருமி உண்மையான பூஞ்சையே அல்ல. அதனால் முன்னதற்குக் கேட்ட மருந்து இதற்கும் கேட்கும் என்று நம்ப முடியாது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பல வருடங்களாக நோயைத் தாங்கி வந்த வெள்ளரி ரகங்கள்கூட 2004-இல் இதனிடம் தோற்றன. இதற்கு ஈரம்தான் உயிர். மாலையில் இலை மேல் தண்ணீர் ஊற்றாமல் காலையில் வேரில் ஊற்றுவதும், நோயுள்ள இலைகளை வெட்டித் தொட்டியை விட்டுத் தூரமாக அப்புறப்படுத்துவதும் பாதி வைத்தியம்.

பூச்சிகளும் அடிப்பக்கத்தில்தான் குடியிருக்கின்றன. அசுவினி, வெள்ளை ஈ, சிலந்திப் பேன் மூன்றுக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். இலையின் அடியில் படும்படி, மாலையில் தெளிக்க வேண்டும். காலையில் தேனீ வரும். வெள்ளரியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. நாட்டு ரகங்களில் தேனீ வராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும். தப்பான பாட்டில் முதலில் கொல்வது அந்தத் தேனீயைத்தான்.

கடைசியாக ஒன்று. இலை சுருங்கி, வெளிர் பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து, கொடி குட்டையாக நின்றுவிட்டால் அது பெரும்பாலும் தேமல் நோய். வைரஸ். 1916-இல் முதலில் வெள்ளரியில் கண்டறிந்ததால் வெள்ளரி பெயரையே இதற்கு வைத்துவிட்டார்கள். ஆனால் இது 1,200-க்கும் மேற்பட்ட செடி வகைகளைத் தாக்கும். அசுவினி ஒரு செடியில் சில நொடி உறிஞ்சி அடுத்த செடியில் உட்கார்ந்தாலே போதும். பிறகு அது மருந்தில் செத்தாலும் வைரஸ் போய்ச் சேர்ந்திருக்கும்.

இதற்கு மருந்தே இல்லை. பிடுங்கிவிட வேண்டியதுதான். அங்கேதான் எல்லாருக்கும் கை வராது. "இத்தனை நாள் தண்ணி ஊத்தினோமே..." என்பார்கள். வணிகவியலில் முதல் வருடமே சொல்லித் தருவார்கள்: திரும்பி வராத செலவை அடுத்த முடிவின் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஊற்றிய தண்ணீர் போனதுதான். பக்கத்தில் நன்றாக நிற்கும் மூன்று செடிகள்தான் இனி கணக்கு. புது விதை ஊன்றினால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் மறுபடியும் காய்.

பால், வேப்பெண்ணெய், கத்தரிக்கோல், பிடுங்குகிற கை. வெள்ளரிக்கு வைத்தியம் நாலு விதம். எது எப்போது என்று சொல்வது கடைக்காரர் அல்ல, இலைதான். கிள்ளுவதற்கு முன் அதை ஒரு தடவை திருப்பிப் பார்த்தால் போதும்.